கைப்பேசி எழுதும் பதிவேடு

பழங்காலத்து மேலைநாட்டு மாலுமிகள் தங்கள் கப்பலின் வேகத்தை அறிய எளிய முறையொன்றைக் கையாண்டனர். ஒரு மரத்துண்டை நீண்ட கயிற்றின் முனையில் கட்டிக் கப்பலின் பின்புறத்திலிருந்து கடலில் எறிவர். அக்கயிற்றில் சம தூரத்திற்கு ஒன்றாக முடிச்சுகள் இடப்பட்டிருக்கும். மணற்கடிகையில் மணல் விழுந்து தீர்வதற்குள் எத்தனை முடிச்சுகள் கையை விட்டு நழுவிச் சென்றன என்று எண்ணிப் பார்ப்பர். கப்பலின் வேகம் தெரிந்துவிடும். கப்பலின் வேகத்தை இன்றும் 'நாட்' என்னும் அலகால் குறிப்பது இதனாலேதான்; அச்சொல்லுக்கு முடிச்சு என்பதே பொருள். அந்த மரத்துண்டுக்கு ஆங்கிலத்தில் 'லாக்' என்று பெயர். அளந்த வேகத்தையும், நேரத்தையும், காற்றின் திசையையும் மாலுமிகள் ஒரு புத்தகத்தில் எழுதி வைத்தனர். நாளடைவில் அப்புத்தகமும் 'லாக்' என்றே வழங்கலாயிற்று. மரத்துண்டு மறைந்தது, பெயர் மட்டும் நிலைத்தது.

இன்று நம் சட்டைப் பைக்குள் இருக்கும் கைப்பேசியும் இத்தகைய ஒரு பதிவேட்டை ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கிறது. நம்முள் பலர் அதனைக் கண்டதில்லை. அது இருப்பதையே அறியோம். அப்பதிவேடு எவ்வாறு எழுதப்படுகிறது, அதை எப்பொழுது எடுக்க வேண்டும், எடுத்ததை எவ்வாறு படிக்க வேண்டும், பிறருடைய பதிவேட்டைக் கையில் வாங்குகிறவருக்கு என்ன கடமை உண்டு என்பவற்றை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

கணக்கிடும் பொறிகளுக்குப் பதிவேடு எழுதும் வழக்கம் அப்பொறிகளைப் போலவே பழைமையானது. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 'மார்க் 2' என்னும் பெருங்கணிப்பொறி பிழைபட நடந்தது. பொறியைச் சோதித்தவர்கள் அதன் மின்தொடர்பிகள் ஒன்றினிடையே ஒரு விட்டிற்பூச்சி சிக்கிக் கிடப்பதைக் கண்டார்கள். அதனை எடுத்தெறிந்துவிடவில்லை, பதிவேட்டின் பக்கத்திலேயே ஒட்டி, நேரத்தையும் பொறியில் அது இருந்த இடத்தையும் அருகில் எழுதி வைத்தார்கள். அப்பக்கம் இன்றும் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. பொறியில் நேரும் பழுதைப் 'பூச்சி' என்று கூறும் வழக்கு அதற்கு முன்பே உண்டு. எடிசன் 1878-ஆம் ஆண்டிலேயே அவ்வாறு எழுதியிருக்கிறார். எனினும் அந்த விட்டிற்பூச்சி நமக்குக் கற்பிக்கும் பாடம் வேறு. பழுதைக் கண்ட அக்கணமே, கண்ட இடத்தோடும் நேரத்தோடும் குறித்து வைத்தார்கள் அல்லவா? அதுவே பதிவேட்டின் உயிர்.

பின்னர் 1980-களில், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் என்பவர் 'சிஸ்லாக்' என்னும் முறையை வகுத்தார். ஒவ்வொரு செய்திக்கும் அதன் கடுமைக்கு ஏற்ப ஒரு படிநிலை உண்டு என்பது அதன் சிறப்பு. மிகக் கடுமையான நெருக்கடி முதல் சாதாரணச் சோதனைக் குறிப்பு வரை எட்டுப் படிகள் அதில் அமைந்தன. இன்று கைப்பேசிகள் எழுதும் பதிவேடுகளிலும் இந்தப் படிநிலை முறையின் சாயலைக் காணலாம்.

இனி, கைப்பேசி நிர்வாகம் என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். ஒரு நிறுவனம் தன் பணியாளர்களுக்கு நூற்றுக்கணக்கான கைப்பேசிகளை வழங்குகிறது என்று கொள்வோம். ஒவ்வொன்றையும் கையில் எடுத்துச் செயலிகளை ஏற்றுவதும் விதிகளை அமைப்பதும் இயலாத காரியம். ஆகையால் ஒரு மைய சர்வரிலிருந்தே எல்லாக் கருவிகளுக்கும் கட்டளைகள் அனுப்பப்படுகின்றன. ஆப்பிள் நிறுவனம் இவ்வசதியைத் தன் கைப்பேசிகளில் 2010-ஆம் ஆண்டு அளித்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பணிக்குரிய பகுதியையும் சொந்தப் பகுதியையும் வேறு வேறாகப் பிரித்து வைக்கும் முறை 2014-ஆம் ஆண்டு, அதன் ஐந்தாம் பதிப்போடு வந்தது.

இங்கே ஒரு நுட்பத்தை மனத்தில் இருத்த வேண்டும். சர்வர் நேராகக் கைப்பேசிக்குள் நுழைந்து எதனையும் மாற்றுவதில்லை. 'உனக்கு ஒரு செய்தி காத்திருக்கிறது' என்று ஓர் அழைப்பொலி மட்டும் எழுப்புகிறது. அதைக் கேட்ட கைப்பேசி தானே சர்வரிடம் சென்று, கட்டளையைப் பெற்று, நிறைவேற்றி, விடை கூறுகிறது. ஆகவே கட்டளை நிறைவேறவில்லை என்றால், பழுது பல இடங்களில் இருக்கக்கூடும். அழைப்பொலி வந்து சேராமல் இருக்கலாம். வந்தும் கைப்பேசி சர்வரை அடையாமல் இருக்கலாம். அடைந்தும் கட்டளையை நிறைவேற்ற முடியாமல் போயிருக்கலாம். சர்வரின் முன் அமர்ந்திருக்கும் அலுவலருக்கு இம்மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். அவருடைய திரையில் தெரிவது ஒன்றே: 'இக்கருவி பன்னிரண்டு நாட்களாகத் தொடர்பு கொள்ளவில்லை' என்பது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். கிராமம் கிராமமாகச் சென்று குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் செவிலியர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். போட்ட ஊசியின் விவரத்தை அலுவலகம் அளித்த கைப்பேசியில் அவர் பதிவு செய்கிறார். எந்த வாரம் எந்தக் குழந்தைக்கு ஊசி போட வேண்டும் என்னும் பட்டியலும் அதே கைப்பேசிக்கு வருகிறது. ஒரு நாள் பட்டியல் வருவது நின்றுவிடுகிறது. அலுவலகத் திரையில் அவருடைய கருவி பன்னிரண்டு நாட்களாக மௌனம் சாதிக்கிறது. "கைப்பேசியை அணைத்து வைத்துவிட்டீர்கள், ஊர்களுக்குச் செல்லவில்லை" என்று மேலதிகாரி விளக்கம் கேட்கிறார். "ஐயா, ஒரு நாள்கூட நான் அணைத்து வைக்கவில்லை, பேசுவதற்கு அது நன்றாகவே உதவுகிறது" என்கிறார் செவிலியர். இருவர் கூற்றுக்கும் இடையே யார் தீர்ப்பளிப்பது?

அலுவலகத்தில் உள்ள மற்றொருவர் எளிதான வழி ஒன்றைச் சொல்கிறார்: "கைப்பேசியிலுள்ள அனைத்தையும் அழித்துப் புதிதுபோல் ஆக்கிவிட்டால் சரியாகிவிடும்." உண்மைதான், சரியாகிவிடலாம். ஆனால், சர்வருக்கு இன்னும் போய்ச் சேராத பன்னிரண்டு நாள் தடுப்பூசி விவரங்கள் அக்கருவிக்குள்ளேயே இருக்கின்றன. அவை அழிந்தால், எந்தக் குழந்தைக்கு ஊசி போடப்பட்டது, எதற்குப் போடப்படவில்லை என்பதை எவரால் சொல்ல முடியும்? பழுதின் காரணமும் அவற்றோடு சேர்ந்து அழியும். அதே பழுது நாளை வேறொரு கருவியில் தோன்றும். எனவே, அழிப்பதற்கு முன்னும் குற்றம் சாட்டுவதற்கு முன்னும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதுவே பதிவேட்டை எடுத்துப் பார்ப்பது.

ஆண்ட்ராய்டு கைப்பேசியின் பதிவேட்டில் ஒரு வரி எவ்வாறு அமைந்திருக்கும்? முதலில் மாதமும் நாளும். அடுத்து மணி, நிமிடம், நொடி, நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. பின்னர் அவ்வரியை எழுதிய செயலின் எண். அதற்குப் பின் ஓர் ஆங்கில எழுத்து. செய்தியின் கடுமையை அது காட்டும். வி, டி, ஐ, டபிள்யூ, இ, எஃப் என ஆறு எழுத்துகள் உள்ளன. விரிவான குறிப்பு, சோதனைக் குறிப்பு, தகவல், எச்சரிக்கை, பிழை, உயிர்போகும் பிழை என்பன அவற்றின் பொருள்கள். இறுதியில் எழுதிய பகுதியின் பெயரும் செய்தியும் வரும். இவ்வரிகள் ஒரே ஏட்டில் எழுதப்படுவதில்லை. செயலிகளுக்கு ஓர் ஏடு, இயங்குதளத்திற்கு ஓர் ஏடு, அலைத்தொடர்புக்கு ஓர் ஏடு, நிகழ்ச்சிகளுக்கு ஓர் ஏடு, செயலிகள் நிலைகுலைந்து வீழ்ந்த செய்திகளுக்கு ஓர் ஏடு எனத் தனித்தனியே உள்ளன.

இவ்வேடுகளின் இயல்பு ஒன்றை நன்கு அறிந்துகொள்ள வேண்டும். பள்ளிச் சிறுவனின் சிலேட்டு நிறைந்ததும் என்ன செய்கிறான்? மேல் வரியைத் துடைத்துவிட்டு அங்கே புதிய வரியை எழுதுகிறான். கைப்பேசியும் அவ்வாறே செய்கிறது. பல கருவிகளில் ஓர் ஏட்டின் அளவு 256 கிலோபைட். ஒரு வரிக்கு 100 பைட் என்று கொண்டால், ஏறத்தாழ 2,600 வரிகளே அதில் அடங்கும். சுறுசுறுப்பாக இயங்கும் கைப்பேசி சில நிமிடங்களிலேயே அத்தனை வரிகளையும் எழுதிவிடக்கூடும். அதற்குமேல் பழைய வரிகள் அழியத் தொடங்கும். அன்றியும், இவ்வேடுகள் தற்காலிக நினைவகத்தில் இருப்பவை. கருவியை அணைத்து மீண்டும் இயக்கினால் மறைந்துவிடும். 'அணைத்துவிட்டுப் போடுங்கள்' என்று நாம் ஒருவருக்கொருவர் கூறும் அறிவுரை, சில வேளைகளில் இருக்கும் ஒரே சாட்சியையும் வெளியேற்றிவிடுகிறது.

ஆதலால் பதிவேட்டை எடுப்பதில் காலமே தலையாயது. நேற்று நேர்ந்த பிழைக்கு இன்று பதிவேட்டை எடுப்பதால் பயன் இல்லை. பிழையை மறுபடியும் நிகழச் செய்து, நிகழ்ந்த உடனே எடுக்க வேண்டும். நம் செவிலியரின் கைப்பேசியை வாங்கிய பொறியாளர் முதலில் அதன் மின்கலத்தில் போதிய மின்சாரம் உள்ளதா, இணையத் தொடர்பு உள்ளதா என்று பார்க்கிறார். பின்னர் நிர்வாகச் செயலியைத் திறந்து, சர்வரோடு தொடர்பு கொள்ளும் பொத்தானைத் தொடுகிறார். தொட்ட நேரத்தை, அக்கைப்பேசியின் கடிகாரத்தை நம்பாமல், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்கிறார். 'தொடர்பு கொள்ள இயலவில்லை' என்னும் சொற்கள் திரையில் தோன்றுகின்றன. அந்நேரத்தையும் குறித்துக்கொள்கிறார்.

அடுத்துப் பதிவேட்டை எடுக்க வேண்டும். நிர்வாகத்திற்கு உட்பட்ட கருவியிலிருந்து சர்வரே தொலைவிலிருந்து பதிவேட்டைக் கேட்டுப் பெறும் வசதி, 2016-இல் வந்த ஆண்ட்ராய்டின் ஏழாம் பதிப்பிலிருந்து உண்டு. ஆனால் நம் எடுத்துக்காட்டில் அது உதவாது. ஏன்? சர்வரோடு பேசாத கருவிக்குச் சர்வரின் வேண்டுகோள் மட்டும் எவ்வாறு போய்ச் சேரும்? ஆகவே கையாலேயே எடுத்தாக வேண்டும். அமைப்புகளில் கருவியைப் பற்றிய பகுதியைத் திறந்து, 'பில்டு நம்பர்' என்னும் வரியை ஏழு முறை தொட்டால், 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' என்னும் பகுதி வெளிப்படும். அதனுள் 'பக் ரிப்போர்ட்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில நிமிடங்களில், பதிவேடுகள் அனைத்தும் கருவியின் அப்போதைய நிலையைக் காட்டும் விவரங்களும் ஒரே பொதியாகச் சுருக்கிக் கட்டப்பட்டு ஆயத்தமாகும். கணிப்பொறியோடு கம்பியால் இணைத்து, 'ஏ.டி.பி.' என்னும் கருவிநிரல் வழியாகவும் இதனைப் பெறலாம். சில நிறுவனங்கள் இப்பகுதியைத் தம் விதிகளால் பூட்டி வைப்பதுண்டு. அப்போது, நிர்வாகச் செயலி தன் சொந்தப் பதிவுகளை அனுப்பும் வசதி உடையதாயின், அதைக் கொண்டு ஆராயலாம்.

ஐபோனில் முறை சற்று வேறு. ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் உள்ள இரு பொத்தான்களையும் பக்கப் பொத்தானையும் ஒருசேர ஒரு நொடி அளவு அழுத்திவிட வேண்டும். பத்து நிமிடம் போலப் பொறுத்திருந்தால், 'சிஸ்டயக்னோஸ்' என்று தொடங்கும் பெயருடைய ஒரு பொதி, அமைப்புகளில் பகுப்பாய்வுத் தகவல்களிடையே காணப்படும்.

பொதி கைக்கு வந்துவிட்டது. அதைத் திறந்தால் பல்லாயிரம் வரிகள்! புதியவர் ஒருவர் 'இ' என்னும் எழுத்து உள்ள வரிகளைத் தேடுவார். அத்தகைய வரிகள் நூற்றுக்கணக்கில் இருப்பதைக் கண்டு திகைப்பார். நல்ல உடல்நிலையில் உள்ள கைப்பேசியும் நாள்தோறும் இத்தகைய பிழைவரிகள் பலவற்றை எழுதத்தான் செய்கிறது. ஆகவே பிழை என்னும் சொல்லைக் கண்டதும் அதுவே காரணம் என்று முடிவு கட்டலாகாது. தாளில் குறித்த நேரத்திற்குச் செல்ல வேண்டும். நிர்வாகச் செயலியின் வரிகளை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். முதல் தோல்வி எந்த வரியில் தோன்றியது என்று காண வேண்டும். அதற்கு முன்னுள்ள சில வரிகளையும் படிக்க வேண்டும். பின்னால் வரும் தோல்விகள் பெரும்பாலும் முதல் தோல்வியின் பிள்ளைகளே.

பொறியாளர் அவ்வாறே செய்கிறார். பொத்தானைத் தொட்ட நிமிடத்தில் ஒரு வரி இருக்கிறது. சர்வர் காட்டிய சான்றிதழ் இன்ன நாளுக்கு முன் செல்லாது என்றும், அதனை ஒப்பிட்ட நாள் இன்னது என்றும் அவ்வரி கூறுகிறது. ஒப்பிட்ட நாளைப் படித்த பொறியாளர் வியப்படைகிறார். மாதமும் நாளும் சரியாக உள்ளன; ஆனால் ஆண்டு, சென்ற ஆண்டு!

நடந்தது இப்பொழுது தெளிவாகிறது. கைப்பேசி ஒரு சர்வரை நம்புவதற்கு முன் அதன் சான்றிதழைச் சோதிக்கிறது. அச்சான்றிதழில் தொடக்க நாளும் முடிவு நாளும் குறிக்கப்பட்டிருக்கும். இணையத்தில் பொதுவாக வழங்கும் இத்தகைய சான்றிதழ்களுக்கு 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் 398 நாட்களுக்கு மேல் ஆயுள் அளிக்கப்படுவதில்லை. எனவே ஓர் ஆண்டு பின்தங்கிய கடிகாரத்தை உடைய கைப்பேசிக்கு, அநேகமாக எல்லாச் சான்றிதழ்களும் இன்னும் பிறவாதவையாகத் தோன்றும். அது சர்வரை நம்ப மறுத்து, தானே கதவை அடைத்துக்கொண்டது. பன்னிரண்டு நாட்களுக்கு முன் செவிலியர் கைப்பேசியைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தார். மின்கலத்தை மாற்றியவர் தேதியைக் கையால் அமைத்தபோது ஆண்டைத் தவறாக இட்டுவிட்டார். தானாக நேரத்தை அறியும் வசதியும் அணைந்திருந்தது. கைப்பேசியின் முகப்பில் மணியும் நாளும் மாதமும் தெரியும், ஆண்டு தெரிவதில்லை. பணிச் செயலிகளைத் தவிர வேறெதையும் அவர் அக்கருவியில் திறப்பதில்லை. ஆகையால் அவர் கண்ணுக்கும் பிழை படவில்லை.

ஆண்டைத் திருத்தியதும் கைப்பேசி சர்வரோடு பேசத் தொடங்குகிறது. தேங்கி நின்ற தடுப்பூசி விவரங்கள் சென்று சேர்கின்றன. பழுதுபார்த்த நாள் முதல் அவற்றில் இடப்பட்ட ஆண்டையும் திருத்த வேண்டும் என்பது இப்போது அலுவலகத்திற்குத் தெரியும். விளக்கம் கேட்ட கடிதத்திற்கும் விடை கிடைத்துவிட்டது. ஒரே ஒரு வரி, ஒரு பெண்ணின் நற்பெயரையும் பல குழந்தைகளின் கணக்கையும் காத்தது.

இவ்வளவு பயனுள்ள பதிவேட்டுக்கு மற்றொரு முகமும் உண்டு. அப்பொதியில் பழுதைப் பற்றிய வரிகள் மட்டும் இருப்பதில்லை. எந்தெந்தச் செயலிகள் உள்ளன, எந்தக் கணக்குகள் பதிவாகியுள்ளன, எந்த வைஃபை இணைப்புகளின் அருகே கருவி இருந்தது என்பனவும் அதில் காணக் கிடைக்கலாம். ஒருவரது வீட்டு நிலையையும் உடல்நலத்தையும் நட்பையும் இவற்றிலிருந்து ஊகித்தறிய முடியும். இதனை உணர்ந்தே இயங்குதளங்களை ஆக்கியவர்கள் சில வேலிகளை இட்டுள்ளனர். 2012-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 4.1 முதல், சாதாரணச் செயலி ஒன்று தன் வரிகளை மட்டுமே படிக்கலாம்; பிற செயலிகளின் வரிகளைப் படிக்க முடியாது. ஆப்பிள் நிறுவனம் 2016-இல் கொணர்ந்த புதிய பதிவு முறையில், தனிப்பட்ட தகவல் இருக்கக்கூடிய இடங்கள் இயல்பாகவே மறைக்கப்பட்டு எழுதப்படுகின்றன. ஆண்ட்ராய்டில் நிர்வாக சர்வர் தொலைவிலிருந்து பொதியைக் கேட்டாலும், கைப்பேசியை வைத்திருப்பவரின் திரையில் அறிவிப்புத் தோன்றும். அவர் இசைந்தால் அன்றி அது செல்லாது. பணியாளரின் சொந்தக் கைப்பேசியில் அவ்வாறு கேட்கும் உரிமையே நிர்வாகத்திற்கு இல்லை.

ஆனால் வேலிகள் மட்டும் போதா. பொதியைக் கையில் வாங்குகிறவரின் மனச்சான்றும் வேண்டும். எதற்காக எடுக்கிறோம் என்று உரியவரிடம் முதலில் சொல்ல வேண்டும். தேவையான நேரத்து வரிகளை மட்டும் படிக்க வேண்டும். பழுது தீர்ந்ததும் பொதியை அழித்துவிட வேண்டும். பழுது பார்ப்பதற்காகத் திறந்த 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' பகுதியையும் மூடிவிட வேண்டும். பலரும் காணும் பொது இடத்தில் முழுப் பொதியையும் வைத்து, 'என்ன பிழை என்று சொல்லுங்கள்' என்று கேட்பது, வீட்டுச் சாவியைத் தெருத் திண்ணையில் வைப்பதற்கு ஒப்பாகும். செவிலியரின் குற்றமின்மையை நிலைநாட்டிய அதே பதிவேடு, பொறுப்பற்றவர் கையில் அவரை வேவு பார்க்கும் கருவியாகவும் மாறக்கூடும்.

மாணவர்களே, உங்களுள் பலர் நாளை பெரிய நிறுவனங்களில் இக்கருவிகளை நிர்வகிக்கும் பணியில் அமரப் போகிறீர்கள். மற்றவர்களும் அவற்றைப் பயன்படுத்துவோராய் இருப்பீர்கள். 'உன் கைப்பேசி பேசவில்லை. ஆகவே நீ வேலை செய்யவில்லை' என்று ஒரு திரையைப் பார்த்துத் தீர்ப்புக் கூறுவது மிக எளிது. நேரத்தைக் குறித்து, பிழையை மறுபடி நிகழச் செய்து, பதிவேட்டை உடனே எடுத்து, முதல் தோல்வியைத் தேடிப் படிப்பதற்கு ஒரு மணி நேரம் ஆகலாம். அந்த ஒரு மணி நேரப் பொறுமையை, எதிரே நிற்கும் மனிதருக்கு நாம் செலுத்த வேண்டிய கடனாகக் கருதுங்கள். உங்கள் கைப்பேசியை இன்று கையில் எடுக்கும்போது, அதன் அமைப்புகளில் தேதியையும் நேரத்தையும் காட்டும் பகுதியை ஒரு முறை திறந்து, ஆண்டு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.